பச்சைக் கதவு வீட்டுத் தண்ணீர்

புதுடெல்லி
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் மதினியும் சுகம்தானே? மதினி கட்டிக் கொடுத்த கூழ்வற்றல் ரயிலில் நொறுங்கிவிட்டது. தூளையும் விடவில்லை, ரசத்தில் போட்டுத் தின்று தீர்த்தேன்.

இங்கே குளிர் எலும்பைத் தேடிக் கடிக்கிறது. குளிக்கப் பயமாக இருக்கிறது. இதே நான்தான் சின்ன வயதில் ஐந்தருவியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். நீங்கள் போலீஸ் விசிலை எடுத்து ஊதுவீர்கள். குளித்துக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் பதறி வெளியே ஓடிவரும். நான் மட்டும் உள்ளே நிற்பேன். நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

மதினி கேட்டார்களே, என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று. "ஒருதரம் மதச் சண்டை வந்த ஊர்ல மறுபடி ஏன் வரலைன்னு பாக்கேன்" என்றேன். "அதுக்கா சம்பளம் தருதாவ?" என்றார்கள். தருகிறார்கள்.

நம் அம்மா பிறந்த மஞ்சணத்தியூரைத்தான் இந்தமுறை எடுத்திருக்கிறேன். 1996 ஆடிக் கொடை விழாவில், அம்மன் சப்பரம் பள்ளிவாசல் தெருமுனைக்கு வந்தபோது மேளத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று தகராறு வந்து கல்வீச்சில் முடிந்தது. கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு ஒரு வழக்குகூட இல்லை. எழுதி வைத்த ஒப்பந்தமும் இல்லை. பின் எப்படி?

முனையில் பச்சைக் கதவு வீட்டு மிஸ்ரியா அக்கா சொன்னார். சப்பரம் வேப்பமரத்து முனைக்கு வந்ததும் அவர் வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் வரும். நாயனக்காரர் மணிமுத்து வாங்கிக் குடிப்பார். நாயனம் நின்றால் தவிலும் நிற்கும். செம்பு கைமாறிக் காலியாவதற்குள் சப்பரம் பள்ளிவாசலைத் தாண்டிவிடும். "நிறுத்துன்னு ஒருத்தரும் சொல்லல, நிறுத்துனோம்னும் ஒருத்தரும் சொல்லல. தாகத்துக்குத் தண்ணி குடிக்காவ, அவ்வளவுதான்" என்றார்.

அண்ணே, எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைத் தொடங்கி வைத்தது யார்? கேட்டால் மிஸ்ரியா அக்கா சிரிக்கிறார். அந்த வட்டாரத்தில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
அனுசியா


தென்காசி
27 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி அனுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே என் காதைத் தவிர எல்லாரும் சவுக்கியம். இடது காது என்றைக்கோ போனது. வலது காது என்னோடு சேர்ந்து ரிட்டயர்டு ஆனது. மகன் வாங்கித் தந்த மிஷினை மாட்டினால் ஊரிலுள்ள ஹாரன் எல்லாம் கேட்கிறது, உன் மதினி பேசுவது மட்டும் கேட்கவில்லை. அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடாதே.

போனில் பேச முடியவில்லை என்று நீ வருத்தப்பட வேண்டாம். நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தபோதும் நமக்குக் கடிதம்தானே? வாரம் ஒன்று எழுதிப் போடுவேன். ஸ்டேஷனில் என்னை "தபால் இசக்கிதுரை" என்று கேலி பேசுவார்கள்.

ஒரு மனுஷன் தண்ணீர் குடித்ததில் என்ன ஆராய்ச்சி? ஆடி வெயில், மூச்சைப் பிடித்து ஊதுகிற வேலை, தாகம் எடுக்கத்தான் செய்யும். அதை எழுதாதே, அனு. ஊர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீயும் பேசாமல் விட்டுவிடு.

பெரிய கோயில் பக்கம் அல்வாக் கடை புதிதாக வந்திருக்கிறது. நாக்கில் வைக்க விளங்காது.

உன் நலம் நாடும் அண்ணன்,
இசக்கிதுரை


புதுடெல்லி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். காது மிஷினைக் கழற்றி வைக்காமல் பழகிக்கொள்ளுங்கள். மதினிக்குத் தெரியாமல் எழுதியதை மதினியிடம் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன் அண்ணே. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பியாயிற்று. ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன். எங்கள் தொழிலில் அது முதல் பாடம். சர்க்காரால் முடியாததை ஒரு செம்புத் தண்ணீர் செய்திருக்கிறது. அதை உலகத்துக்குச் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

புத்தகமாக எழுதும்போது இன்னும் ஒன்று வேண்டும். 1996இல் முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? போலீஸ் கோப்பில் "அடையாளம் தெரியாதவர்கள்" என்று இருக்கிறது. இரண்டு தெருக்காரர்களும் எதிர்த்தெருவைக் கைகாட்டுகிறார்கள். நான் ஆராய்கிற ஊர்களின் அட்டவணையில் இந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தீர்களா?

அந்த வருஷம்தான் நான் ஹாஸ்டலில் சேர்ந்தேன். உங்கள் கடிதம் ஒரு மாதமாக வரவில்லை. தெரியாத நாடு போல இருந்த அந்த ஹாஸ்டலில் தினமும் தபால்காரரைப் பார்த்து அழுதேன். பிறகு வந்தது, "குற்றாலத்தில் குளித்ததில் காதில் தண்ணீர் போய்ச் சீழ் வைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்று. இன்றைக்கும் அருவியில் தலையைக் கொடுத்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அனுசியா


தென்காசி
15 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

குற்றாலம் வறண்டு கிடக்கிறது. மெயின் அருவியில் பாறைதான் தெரிகிறது. ஆளில்லாத எண்ணெய் மசாஜ் பலகைகளில் குரங்குகள் படுத்துக்கொள்கின்றன. செங்கோட்டை வழியாக வரும் பலாப்பழம் மட்டும் குறைவில்லை. உன் மதினி ஒன்று வாங்கி, வீடெல்லாம் பிசின்.

சிற்றருவியில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? உனக்கு நாலு வயசு. "அண்ணே, மலை ஏன் அழுது?" என்று கேட்டாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அப்போதிருந்தே கேள்விதான்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
இசக்கிதுரை


புதுடெல்லி
10 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் நலம், ஆனால் கோபம். கேட்ட கேள்விக்குப் பலாப்பழத்தைப் பதிலாக அனுப்பினால் என்ன அர்த்தம்? போலீஸ்காரர்கள் கேள்வி கேட்டுத்தான் பழக்கம் போலிருக்கிறது.

சரி, நல்ல செய்தி. கட்டுரை வெளிவந்துவிட்டது! தமிழ்ப் பத்திரிகை ஒன்றும் அதைச் சுருக்கிப் போட்டிருக்கிறது. "ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு ஊரின் அமைதி" என்று தலைப்பு. உங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர் மின்னஞ்சலில் பாராட்டியிருக்கிறார். இதைப் பிற ஊர்களுக்கும் நடைமுறையாகக் கொண்டுவரலாமே என்கிறார். அண்ணே, இத்தனை வருஷம் எழுதியதில் முதல்முறையாக ஒருவர் படித்துவிட்டு ஏதோ செய்யப் போகிறார்.

அதைக் கேட்டதும் முதலில் உங்களிடம்தான் சொல்லவேண்டும் என்று இருந்தது. படிக்க வைத்தது நீங்கள் அல்லவா.

அன்புடன்,
அனுசியா


தென்காசி
9 ஜூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. காற்றிலே ஈரம் இருக்கிறது. எல்லாரும் சுகம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ பிறர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சணத்தியூர் கொடைக்கு அமைதிக் கூட்டம் போட்டார்கள். போய் வந்தவர்கள் எனக்கு எழுதிக் காட்டியதைச் சொல்கிறேன். புதிதாக வந்த அதிகாரி, உன்னைப் பாராட்டினாரே அவர்தான், உன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். ஊர்ப் பெயரை மாற்றினாய் சரி, வேப்பமரத்தையும் பச்சைக் கதவையும் அப்படியே விட்டுவிட்டாயே அனு! கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மிஸ்ரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். "பள்ளிவாசல் முன்பு மேளம் நிறுத்தப்படும்" என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள், இனி என்றைக்கும் பிரச்சினை இல்லை என்றார். அவ்வளவுதான். நம் மாமா பேரன் பாண்டியராஜ் எழுந்தான். "நாங்க எங்க சார் நிறுத்துனோம்? தாகத்துக்குத் தண்ணி குடிச்சோம். நிறுத்தணும்னு சட்டம் போட்டா நிறுத்த மாட்டோம்" என்றான். மிஸ்ரியா மகன் காஜா மைதீனும் எழுந்தான். "அப்போ இத்தனை வருசமும் எங்கம்மா தண்ணியக் குடிச்சிட்டு எங்கள ஏமாத்துனியளா? எழுதித் தந்தாத்தான் இனிமே தண்ணி" என்றான். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

கூட்டம் கையெழுத்தில்லாமல் கலைந்தது. கொடை ஆகஸ்ட் பன்னிரண்டு, ஆடிக் கடைசிச் செவ்வாய்.

உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. சாப்பிடு, தூங்கு.

அண்ணன்,
இசக்கிதுரை


புதுடெல்லி
17 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை.

அந்தப் பச்சைக் கதவை நான் தெரிந்தேதான் விட்டேன். சின்ன வயதில் அம்மாவோடு கொடைக்குப் போகும்போது, அந்தக் கதவு தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று குதிப்பேன். அதை எடுத்துவிட்டால் பக்கம் செத்துப்போனது போல இருந்தது. எங்கோ படிக்கிற நாலு பேராசிரியர்களுக்கு எந்தக் கதவு என்று தெரியவா போகிறது என்று நினைத்தேன். பத்திரிகையில் வரும், தென்காசியில் ஒருவர் படிப்பார் என்று தோன்றவே இல்லை.

அதிகாரிக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், இது நிலைத்தது விதியாக இருந்ததால் அல்ல, விதியாக இல்லாததால்தான் என்று. "தெளிவான எழுத்துபூர்வ ஏற்பாடே நிரந்தரத் தீர்வு" என்று பதில் வந்திருக்கிறது. போன வருஷம் வேறொரு கட்டுரையில் நான் எழுதிய வாக்கியமே அது.

கொடைக்கு நான் வருகிறேன். இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். டிக்கெட் எடுக்கப் போகிறேன்.

அனுசியா


தென்காசி
28 ஜூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ வராதே.

கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் கட்டுரைக்காரி வந்திருக்கிறாள் என்று பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கேமரா முன்னால் எவனும் தணிந்து போகமாட்டான். முப்பத்தைந்து வருஷம் பந்தோபஸ்து பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

கொடைக்கு நான் போகிறேன். அம்மா ஊர்க் கொடைக்கு நான் போவதை யார் கேட்கமுடியும்?

பழைய குற்றாலத்தில் நேற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. ரம்புட்டான் மலிவு. உனக்குப் பார்சல் போடச் சொல்லி மதினி நச்சரிக்கிறாள். டெல்லி போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும் என்றால் கேட்பதில்லை.

அண்ணன்,
இசக்கிதுரை


புதுடெல்லி
19 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று மிஸ்ரியா அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கொடை அன்றைக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறானாம். பேச்சுவாக்கில் என் அண்ணன் போலீஸில் இருந்தவர், பெயர் இசக்கிதுரை என்றேன். "எம்மா, நீ ஏட்டையா தங்கச்சியா?" என்று கேட்டு அழுதுவிட்டார்.

அண்ணே, ஏன் என்னிடம் சொல்லவில்லை?

1996இல் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றது நீங்கள். முதல் கல் உங்கள் இடது காதில் விழுந்தது. ரத்தம் வழிய வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவரை, கல்யாணமாகி ஆறு மாதமேயான அந்தப் பெண் வீட்டுக்குள் இழுத்துப்போய்த் தன் முக்காட்டுத் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள். அடுத்த வருஷமும் நீங்களே அங்கே பந்தோபஸ்து வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் நின்றீர்கள். வெயிலில் நிற்கிறீர்களே என்று அவர் கொடுத்த செம்பைப் பாதி குடித்துவிட்டு, எதிரே வந்த நாயனக்காரரிடம், மணிமுத்துவின் அப்பாவிடம், நீட்டியிருக்கிறீர்கள்.

நான் தேடிய ஆள் நீங்கள்தான். காதில் அருவித் தண்ணீர் போனது என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு எழுதினீர்களே! உங்களைப் பெருமையாக நினைப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ராத்திரி முழுவதும் அழுதேன்.

இந்த வருஷம் போகாதீர்கள். அறுபத்திரண்டு வயது. பின்னால் ஒருவன் ஓடி வந்தால்கூட உங்களுக்குக் கேட்காது. என் எழுத்தால் உங்களுக்கு இன்னொரு கல் விழுந்தால் நான் என்ன ஆவேன்?

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அனு


தென்காசி
14 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சி அனுவுக்கு,

நான் சுகம். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. மதினியும் சுகம்.

கொடைக்குப் போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன், கூட்டத்தில் அது கீச்சென்று கத்தும். போலீஸ் நிறையவே வந்திருந்தது. நான் பயிற்சி கொடுத்த பையன்தான் இன்ஸ்பெக்டர். "அய்யா, ஓரமா உக்காருங்க" என்று நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

சப்பரம் திரும்பியது. இந்தப் பக்கம் பாண்டியராஜும் பத்துப் பதினைந்து பேரும். அந்தப் பக்கம் காஜா மைதீனும் அவன் கூட்டாளிகளும். எல்லார் கையிலும் செல்போன், படம் எடுக்கத் தயாராக. எனக்கு எதுவும் கேட்கவில்லை. மணிமுத்துவின் கன்னம் உப்பியிருக்கிறதைப் பார்த்து நாயனம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பச்சைக் கதவு சாத்தியிருந்தது.

முனைக்கு வந்துவிட்டார்கள். கன்னம் உப்பியபடியே இருக்கிறது. பாண்டியராஜ் மணிமுத்துவின் காதுக்குள் கத்துகிறான், நிறுத்தாதே என்றுதான் கத்தியிருப்பான். மணிமுத்து என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம். 1996இல் அவன் அப்பா கண்ணிலும் அதைத்தான் பார்த்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது அனு. நான் ஒன்றும் சூரன் இல்லை. ஆனால் நகரத் தோன்றவில்லை.

அப்போது கதவு திறந்தது. மிஸ்ரியா செம்போடு வந்தாள். மகன் குறுக்கே வந்து ஏதோ சொன்னான். அவள் அவனைத் தாண்டி, மணிமுத்துவையும் தாண்டி, நேரே என்னிடம் வந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பிறகு எனக்கு எழுதிக் காட்டினான், அவள் சொன்னது இதுதானாம்: "ஏட்டையா, எம்புட்டு நேரமா வெயில்ல நிக்கிய. மொதல்ல குடிங்க."

குடித்தேன். உண்மையிலேயே நல்ல தாகம். பாதியைக் குடித்துவிட்டுச் செம்பை மணிமுத்துவிடம் நீட்டினேன். பழகின கை, அது தானாகப் போனது. அவன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தான். கன்னம் ஒட்டியது. தவில்காரர் விரல்களும் நின்றன. நின்றுவிட்டது என்று எனக்குப் பார்த்துத்தான் தெரியவேண்டியிருந்தது.

பாண்டியராஜ் என்னிடம் வந்து நின்றான். அவன் தாத்தா, நம் மாமாவின் ஜாடை அப்படியே. என் இடது காதையே பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏலே, உனக்கும் தாகமாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஆனால் மிஸ்ரியா அடுத்த செம்புக்கு உள்ளே போனாள், கொண்டுவந்து கொடுத்தது காஜா மைதீன். முறைத்துக்கொண்டுதான் கொடுத்தான். பாண்டியராஜும் முறைத்துக்கொண்டுதான் குடித்தான். அதற்குள் சப்பரம் பள்ளிவாசலைத் தாண்டிவிட்டது.

அதிகாரி கையெழுத்துக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். எனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டிவிட்டேன்.

இதைத் தொடங்கி வைத்தது யார் என்று கேட்டாயே, 1997இல் திட்டம் எதுவும் இல்லை. எனக்குத் தாகம், நாயனக்காரருக்கும் தாகம். அவ்வளவுதான். வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள், கதவு நிறத்தை மட்டும் மாற்றிவிடு.

அப்புறம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு

உன் மதினி சாப்பிடக் கூப்பிடுகிறாள். சொதி வைத்திருக்கிறாள், ஆறிவிட்டால் திட்டுவாள். இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் ஐந்து பிரிவும் தெரிகிறது.

உன் அண்ணன்,
இசக்கிதுரை


புதுடெல்லி
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் உண்மையிலேயே நலம். மதினி வைத்த சொதி ஆறுவதற்குள் சாப்பிட்டீர்களா?

புத்தகத்திலிருந்து மஞ்சணத்தியூரை எடுத்துவிட்டேன். பதிப்பாளருக்கு வருத்தம்தான், அதுதான் நல்ல அத்தியாயம் என்கிறார். அமைதியாக இருக்கிற ஊர் ஒன்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். பிற ஊர்கள் இருக்கின்றன, வேலை நிற்காது.

அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். மாமா ஜாடையில் இருக்கிற பாண்டியராஜ் உங்கள் காதைப் பார்த்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இனி நான் எதுவும் கேட்கமாட்டேன்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். சீசன் முடிவதற்குள் ஒரு நாள் நீங்கள், நான், மதினி மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போகவேண்டும். பழைய விசில் பெட்டியில் இருந்தால் எடுத்து வையுங்கள். நான் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பேன், நீங்கள் ஊதவேண்டும்.

மறக்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குளியுங்கள் அண்ணே. அந்த வருஷம் போல மறுபடியும் தண்ணீர் போய்விடப் போகிறது.

உங்கள் தங்கை,
அனு